உள்ளே இருக்கும் குழந்தையைத் தேடிப் போகிறவர்களுக்கு

கண்ணை மூடுங்கள், ஐந்து வயதில் இருந்த உங்களை எதிரே வரவழையுங்கள், கட்டி அணைத்துக்கொள்ளுங்கள். இன்னர் சைல்ட் வொர்க் (சிறுவயதில் கிடைக்காமல் போனதோடு இன்னும் நமக்குள் இருக்கும் குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் பயிற்சி) என்று தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பலரும் இதை ராத்திரியில், மற்றவர்கள் தூங்கிய பிறகு, படுக்கையில் தனியாகச் செய்து பார்க்கிறார்கள். சிலருக்கு எதுவுமே தோன்றாது. இதுகூட நமக்கு வரவில்லையே என்ற வெறுமைதான் மிஞ்சும். சிலருக்கு அழுகை பிடித்துக்கொண்டு விடியும்வரை நிற்காது. அணைத்துக்கொள்ளச் சொன்னவர் அதற்கு அடுத்த இரண்டு மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்று சொல்லியிருக்கமாட்டார். துணையில்லாமல் இந்த வழியைக் கடந்து வந்தவள் என்ற முறையில், எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே பிசகும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை எழுதுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். குழந்தையைத் தேடிப் போவதற்கு முன்னால், அதைக் கவனித்துக்கொள்ளப்போகும் பெரியவர் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலான கஷ்டம் இந்த வரிசை மாறுவதால் வருகிறது.

முதல் தடுமாற்றம், நமக்கு என்ன கிடைக்காமல் போனது என்றே தெரியாமல் இருப்பது. அடி, வசை, குடி, சண்டை என்று ஏதாவது நடந்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். நடக்க வேண்டியது நடக்காமல் போனதை எப்படிச் சுட்டிக்காட்டுவது? ஆராய்ச்சியாளர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். குழந்தைப் பருவப் பாதிப்புகளைப் பற்றி அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முதல் அறிக்கை 1998-ல் வந்தது. அதில் கணக்கிட்ட ஏழு வகைப் பாதிப்புகளில் புறக்கணிப்பு இல்லை. பின்னால்தான் உணர்வுரீதியான புறக்கணிப்பையும் சேர்த்துப் பட்டியல் பத்தானது. ஆகவே, 'சோறு போட்டார்கள், படிக்கவைத்தார்கள், என்ன குறை வைத்தார்கள்' என்று உங்களுக்கே குற்ற உணர்வு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அவர்கள் செய்ததும் உண்மை, உங்களுக்குக் கிடைக்காமல் போனதும் உண்மை. ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக இன்னொன்றை மறுக்க வேண்டியதில்லை.

எது கிடைக்கவில்லை என்று கண்டுபிடிக்க, சிறுவயதில் நிறைவேறாத தேவைகளால் பதிந்துபோன மனப்போக்குகளை மாற்றும் ஸ்கீமா தெரபி என்ற உளவியல் சிகிச்சையை உருவாக்கிய ஜெஃப்ரி யங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த ஐந்து அடிப்படைத் தேவைகள் நல்ல வரைபடம். பாதுகாப்பான பிணைப்பு முதலாவது. இது குறைந்தவருக்கு, அனுப்பிய செய்திக்கு இரண்டு மணி நேரம் பதில் வராவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டாவது, தன்னால் முடியும் என்ற சுதந்திரமும் திறமையும். இது குறைந்தவர் சட்டை வாங்கக்கூட நாலு பேரைக் கேட்பார். மூன்றாவது, தன் தேவையையும் உணர்ச்சியையும் வெளியே சொல்லும் உரிமை. இது இல்லாதவரின் நிரந்தரப் பதில் 'எனக்கு எதுவானாலும் சரி' என்பது. நான்காவது, விளையாட்டும் தன்னியல்பும். இது பறிபோனவருக்கு விடுமுறை நாளில் சும்மா உட்கார்ந்தால் ஏதோ தப்புச் செய்வதுபோல இருக்கும். ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: நியாயமான எல்லைகள். 'போதும், இப்போது தூங்கு' என்று அன்பாகச் சொல்ல ஆளில்லாமல் வளர்ந்ததும் ஓர் இழப்புதான். உள்ளே இருக்கும் குழந்தை கேட்பதையெல்லாம் வாங்கிக்கொடுப்பதே குணப்படுத்துவது என்று நினைப்பவர்கள் இந்த ஐந்தாவதைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். கடன் அட்டைக் கணக்கு வந்த பிறகுதான் அது தெரிகிறது.

இந்த ஐந்தையும் ஒரே நாளில் யோசித்து முடிவுகட்ட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். நிகழ்ந்ததைவிடப் பெரிதாக உங்கள் உணர்ச்சி பொங்கிய தருணத்தை மட்டும் அதில் எழுத வேண்டும். நடந்தது என்ன என்று ஒரே வாக்கியம், கேமரா பதிவு செய்த மாதிரி, விளக்கம் சேர்க்காமல். உடம்பில் எங்கே என்ன உணர்ந்தீர்கள். அந்த நிமிடம் எத்தனை வயதுக்காரர்போல உணர்ந்தீர்கள். யாரிடமிருந்து என்ன வேண்டும் என்று தோன்றியது. ஒரு பதிவுக்கு மூன்று நிமிடம் போதும். மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை, வயிறு இறுகியது, ஏழு வயதுபோல, 'நான் என்ன தப்புச் செய்தேன் என்று யாராவது சொல்ல வேண்டும்' என்பதுபோல வரும். வயதுக்கு முதலில் தோன்றிய எண்ணையே எழுதுங்கள், அது சரியா என்று ஆராய வேண்டாம். இரண்டு வாரம் கழித்துப் படித்தால் ஏதாவது ஒரு தேவை திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெரியவரைத் தயார் செய்வது. இதைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை, ஏனென்றால் இதில் கண்ணீரும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. மனக்காயங்களுக்குச் சிகிச்சை தருபவர்கள் ஒவ்வொருவருக்கும் உணர்ச்சியைத் தாங்கும் ஓர் அளவு உண்டு என்பார்கள். அதற்கு மேலே போனால் படபடப்பு, நடுக்கம், கத்தல். கீழே போனால் மரத்துப்போதல், தூக்கம் அழுத்துவது, எங்கோ தூரத்தில் இருப்பதுபோன்ற நிலை. இந்த இரண்டு எல்லைக்குள் இருக்கும்போதுதான் மனம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. வெளியே போய்விட்டால் பழைய வலியை இன்னொரு முறை அனுபவித்ததுதான் மிச்சம். எனவே திரும்பி வரும் வழியை முதலில் பழகுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நான்கு, கேட்கும் மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு சுவை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவது ஒரு வழி. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுவது இன்னொன்று; விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் முக்கியம். மரத்துப்போகிறவர்களுக்கு மூச்சைவிட எழுந்து நிற்பதும், பாதத்தைத் தரையில் அழுத்துவதும், முகத்தில் குளிர்ந்த நீர் தெளிப்பதும் அதிகம் உதவும். வருத்தத்துக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் தரக்கூடிய அண்மை நிகழ்ச்சி ஒன்றை வேண்டுமென்றே நினைத்து, இவற்றில் ஒன்றால் பத்து நிமிடத்துக்குள் அமைதிக்குத் திரும்ப முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடியாதவரை குழந்தைப்பருவத்துப் பக்கம் போகக் கூடாது. இதற்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

முதல் அமர்வைப் பகலில் வையுங்கள். மொத்தம் அரை மணி நேரம், அலாரம் வைத்து. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எந்த வேலையும் பொறுப்பும் இருக்கக் கூடாது. குடித்திருந்தால் வேண்டாம், சண்டை போட்ட கையோடும் வேண்டாம். தேவைப்பட்டால் போனில் அழைப்பேன் என்று ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கையின் மிக மோசமான நினைவை எடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரும் பிசகு. எப்போதுமே உங்களுக்கு நினைவில் இருந்துவரும், பத்துக்கு மூன்று அல்லது நான்கு அளவில் வலிக்கும் ஒன்றை எடுங்கள். வரைந்த படத்தைக் காட்டியபோது யாரும் நிமிர்ந்து பார்க்காதது, அழைத்துப்போக வருவதாகச் சொன்னவர் தாமதமாக வந்தது, இந்த அளவு போதும். அந்த வயதுப் புகைப்படம் இருந்தால் ஐந்து நிமிடம் பாருங்கள். நம் மனதில் இருக்கும் 'தொல்லை பிடித்த குழந்தை' புகைப்படத்தில் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்ப்பதே பாதி வேலையைச் செய்துவிடும்.

பிறகு அந்தக் காட்சியை நினைவில் கொண்டுவாருங்கள், ஆனால் அந்தக் குழந்தையாக மாறாமல், வாசலில் நிற்கும் இன்றைய நீங்களாகப் பாருங்கள். குழந்தையின் கண்வழியே பார்க்கத் தொடங்கிவிட்டால் கவனித்துக்கொள்ள ஆளில்லை என்று அர்த்தம். உடனே பின்வாங்கி, உங்கள் இப்போதைய வயதையும் உயரத்தையும் வாய்விட்டுச் சொல்லி மறுபடி வாசலுக்கு வாருங்கள். உள்ளே நுழைந்து, குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து உட்காருங்கள். உடனே அணைக்க வேண்டாம். பக்கத்தில் வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று பட்டால் தள்ளியே உட்காருங்கள். மறுத்தால் மதிக்கப்படுவோம் என்பதே பலருக்குப் புதிய அனுபவம். என்ன நடந்தது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கிடைக்கும் பதிலைச் செய்து காட்டுங்கள். படத்தை வாங்கிப் பாருங்கள், அதில் என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள். யாராவது திட்டிக்கொண்டிருந்தால் குறுக்கே நின்று நிறுத்துங்கள். குழந்தையை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். சிகிச்சை அறைகளில் இமேஜரி ரீஸ்கிரிப்டிங் (நினைவுக் காட்சியைக் கற்பனையில் மாற்றி அமைப்பது) என்ற பெயரில் செய்யப்படுவது ஏறக்குறைய இதுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஆர்நவுட் ஆர்ன்ட்ஸ் போன்றவர்கள் இதை முறைப்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே வலி அதிகமான நினைவுகளில் சிகிச்சையாளரே முதலில் காட்சிக்குள் நுழைந்து குழந்தையைக் காப்பாற்றுவதும் உண்டு. தனியாகச் செய்கிறவருக்கு அந்த வசதி இல்லை. சிறிய நினைவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

சொல்லும் வார்த்தையும் முக்கியம். 'எல்லாம் சரியாகிவிடும்', 'நீ தைரியசாலி', 'அவர்களும் பாவம்தானே' இவை மூன்றும் பலிக்காது. அந்தக் குழந்தை இவற்றை ஏற்கனவே ஆயிரம் முறை கேட்டிருக்கும். 'நடந்ததை நான் பார்த்தேன்', 'இது உன் தப்பில்லை', 'உனக்குக் கோபம் வந்தது நியாயம்தான்' என்பவை பலிக்கும். முடிக்கும்போது குழந்தையை அந்தப் பழைய அறையிலேயே விட்டுவிட்டுக் கண்ணைத் திறக்கக் கூடாது. பத்திரமான ஓர் இடத்தைக் கற்பனை செய்து அங்கே இருத்துங்கள். மறுபடி எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு இன்றைய தேதி, உங்கள் வயது, இருக்கும் ஊர் மூன்றையும் சத்தமாகச் சொல்லி, எழுந்து நடந்து, மூன்று வரி எழுதி முடியுங்கள். வாரத்துக்கு இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம்.

அந்தக் குழந்தையைப் பார்த்ததும் இரக்கத்துக்குப் பதிலாக எரிச்சலோ அருவருப்போ வந்தால் பயந்துவிடாதீர்கள். இது மிகச் சாதாரணம், ஆனால் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தான் கல்நெஞ்சக்காரர் என்று முடிவுகட்டிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அந்த வெறுப்பு பெரும்பாலும் வளரும்போது கேட்ட குரல்தான், இப்போது உள்ளிருந்து பேசுகிறது. ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980-களில் உருவாக்கிய ஐஎஃப்எஸ் (மனதைப் பல பகுதிகள் சேர்ந்த ஒரு குடும்பமாகப் பார்க்கும் சிகிச்சை) முறையில் இப்படிப்பட்ட குரலைக் காவலாளாகப் பார்க்கிறார்கள். அதோடு சண்டை போட மாட்டார்கள், 'நான் இந்தக் குழந்தையிடம் நெருங்கினால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறாய்?' என்று கேட்பார்கள். 'அழ ஆரம்பித்தால் நிறுத்த முடியாது', 'பலவீனம் தெரிந்தால் மிதிப்பார்கள்' என்று பதில் வரலாம். அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டதோடு அமர்வு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே தோன்றாமல் மரத்துப்போவதும் காவல்தான். காட்சி வராதவர்கள் எழுதலாம்.

எழுதுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் மனதை வாட்டிய நிகழ்ச்சியைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை மோசமானது. பலன் பிற்பாடுதான் தெரிந்தது. எழுதி முடித்த அன்றைக்கு நெஞ்சு கனத்தால் முறை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் எழுதும்போதே தாங்க முடியாமல் போனால் வேறு விஷயத்துக்கு மாற வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. பெற்றோருக்கு எழுதும் கடிதம் அனுப்புவதற்கல்ல. அனுப்பலாம் என்ற எண்ணம் வந்தாலே எழுத்து மரியாதையாகிவிடும், அதில் வேலை நடக்காது. இடக்கையால் எழுதினால் குழந்தை பேசும் என்கிறார்கள். வேகம் குறைவதால் சிலருக்கு உதவுகிறது, அதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ஓர் இறக்கம் வரக்கூடும். தூக்கம் கலையும், பழைய கனவுகள் வரும், சின்னப் பேச்சுக்குக் கண் கலங்கும், குடும்பத்தார் மேல் காரணமில்லாமல் சீறுவீர்கள். இது துக்கம். கிடைக்காமல் போன குழந்தைப்பருவம் இனிக் கிடைக்காது என்பது அறிவுக்கு எப்போதோ தெரியும், மனதுக்கு இப்போதுதான் தெரிகிறது. தனியாக இருக்கையில் மிகவும் பயமுறுத்தும் கட்டம் இதுதான். இருந்ததையும் கெடுத்துக்கொண்டோமோ என்று தோன்றும். துக்கம் அலைபோல வந்து போகும், இடையிடையே சாப்பிடவும் வேலை பார்க்கவும் முடியும், சில வாரங்களில் இடைவெளி நீளும். அப்படியில்லாமல் நேரம் போனது தெரியாமல் மறைந்துபோவது, பழைய காட்சி இப்போதே நடப்பதுபோல மேலே விழுவது, தொடர்ந்து பல நாள் வேலைக்குப் போக முடியாமை, குடி கூடுவது, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரையோ பயிற்சி பெற்ற சிகிச்சையாளரையோ பாருங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால் அந்த ராத்திரி தனியாக இருக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து அமைதியானது. 'இவ்வளவு வலிக்கிறதே, நான் மறந்துபோன பெரிய விஷயம் ஏதோ இருக்க வேண்டும்' என்று தோண்டத் தொடங்குவது. வேண்டாம். நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல் வெளியிட்ட சோதனையில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைச் சொல்லி நினைவுபடுத்தச் சொன்னபோது, பங்கேற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதை முழுதாகவோ பகுதியாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார். கண்ணை மூடித் திரும்பத் திரும்பக் கற்பனை செய்வது நடக்காத காட்சிக்கும் நிஜத்தின் சாயலைத் தந்துவிடும். உணர்ச்சி, உணர்ச்சி என்ற அளவில் முழு உண்மை. ஒரு நிகழ்ச்சிக்குச் சாட்சி ஆகாது. 'உங்களுக்கு நடந்திருக்கும், நினைவில்லை, அவ்வளவுதான்' என்று எந்த ஆலோசகர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பெற்றோரிடம் கேட்டுவிட வேண்டும் என்ற வேகம் இந்தக் கட்டத்தில்தான் உச்சத்தில் இருக்கும். குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. இப்போது பேசப்போவது அந்தக் குழந்தை; அதற்கு வேண்டியது அம்மாவோ அப்பாவோ அழுது மன்னிப்புக் கேட்பது. கிடைப்பது பெரும்பாலும் 'உனக்காக எவ்வளவு செய்தோம்' என்பதும், நீ சொல்வதுபோல எதுவும் நடக்கவில்லை என்பதும். பழைய புறக்கணிப்பு புதிதாக ஒருமுறை நடந்து முடியும், பல மாத உழைப்பு ஒரே மாலையில் கரையும். பேசியே ஆக வேண்டுமானால், இனிமேல் நடக்க வேண்டிய ஒன்றைக் கேளுங்கள்: 'மற்றவர்கள் முன்னால் என் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம்' என்பதுபோல. மறுத்தாலும் நீங்களே எழுந்து போவதன் மூலம் நிறைவேற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றாக அது இருக்கட்டும். கணவரையோ மனைவியையோ பெற்றோர் இடத்தில் வைத்து, சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருப்பதும் இதே வழுக்கல்தான். 'இன்று பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்க முடியுமா' என்று அளவோடு கேட்டால் கிடைக்கும்.

உண்மையான மாற்றம் கண்ணை மூடும் அந்த அரை மணி நேரத்தைவிட மற்ற நேரங்களில்தான் நடக்கிறது. உள்ளே இருக்கும் குழந்தைக்கு வாக்குறுதிகள் மேல் நம்பிக்கை இல்லை. அதனால் தவறவே முடியாத அளவுக்குச் சின்னதாக ஒன்றைச் சொல்லி, அதைத் தினமும் செய்ய வேண்டும். பாதுகாப்பு குறைந்தவர்: தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து 'இன்று எப்படி இருக்கிறாய்' என்று தன்னையே கேட்பது. தன்னம்பிக்கை குறைந்தவர்: யாரையும் கேட்காமல் நாளுக்கு ஒரு சின்ன முடிவு, அது பிசகினாலும் அப்படியே விடுவது. சொல்லும் உரிமை பறிபோனவர்: நாளுக்கு ஒருமுறை 'எதுவானாலும் சரி' என்பதற்குப் பதில் உண்மையான விருப்பத்தைச் சொல்வது. விளையாட்டு பறிபோனவர்: கால் மணி நேரம், பயனில்லாத, யாருக்கும் காட்டாத ஏதோ ஒன்று. எல்லை கிடைக்காதவர்: போனை அணைக்கும் நேரத்தை வைத்துக்கொண்டு, மனம் முரண்டு பிடிக்கும்போது திட்டாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் நிற்பது. ஏதாவது ஒன்றை மட்டும் எட்டு வாரம் செய்யுங்கள். நடுவில் தவறினால் மறுநாள், 'நேற்று சொன்னதைச் செய்யவில்லை, அது என் பொறுப்பு, இன்று செய்கிறேன்' என்று ஒப்புக்கொள்ளுங்கள். உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கவனித்து ஆராய்ந்தபோது, நல்ல உறவுள்ள ஜோடிகளிலும் நிறைய நேரம் இசைவு தப்பிக்கொண்டேதான் இருந்தது; தப்பியதை மறுபடி சரிசெய்துகொள்வதில்தான் குழந்தையின் நம்பிக்கை வளர்ந்தது. தவறியதை மறைக்காமல் சரிசெய்யும் பெரியவரைத்தான் உள்ளே இருக்கும் குழந்தை இதுவரை பார்த்ததில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துக்கம் உச்சத்தில் இருக்கும்போதுதான் 'இரண்டே நாளில் குணம்' என்ற பயிற்சி முகாம்கள் கண்ணில் படும், யோசிக்காமல் கட்டிவிடத் தோன்றும். கூட்டத்தில் ஐம்பது பேர் அழும்போது நமக்கும் பெரிய விடுதலைபோல இருக்கும். திங்கட்கிழமை வீட்டில் தனியாகச் சரியும்போது அழைக்க ஓர் எண்கூட இருக்காது. முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவர், சந்தேகம் கேட்டால் 'இது குணமாகாமல் தடுக்க உங்கள் மனம் காட்டும் எதிர்ப்பு' என்பவர், குடும்பத்தை உடனே துண்டிக்கச் சொல்பவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் விலகுங்கள். 'இன்னர் சைல்ட் ஹீலர்' என்ற சான்றிதழ் சில நாள் வகுப்பிலேயே கிடைத்துவிடக்கூடியது. உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னர் சைல்ட் வொர்க் என்பது ஒரே ஒரு சிகிச்சையின் பெயரும் அல்ல. இதே தேவைகளை மையமாக வைத்த ஸ்கீமா தெரபிக்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2006-ல் வெளியான முக்கியமான ஆய்வில், கடுமையான ஆளுமைச் சிக்கல் உள்ளவர்களுக்குச் சிகிச்சை மூன்று ஆண்டு நீடித்தது. இரண்டு நாள் வாக்குறுதியை இதோடு வைத்துப் பாருங்கள்.

சிகிச்சையாளரை முதல்முறை பார்க்கும்போது கேட்க வேண்டியவை: நினைவுகளோடு வேலை செய்வதற்கு எங்கே பயிற்சி பெற்றீர்கள்? அமர்வின் நடுவில் நான் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? அடுத்த அமர்வு வரை சிரமம் வந்தால் யாரை அழைப்பது? எத்தனை அமர்வுக்குப் பிறகு பலனைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாதவரிடம் போக வேண்டாம். போகும்போது இரண்டு வாரக் குறிப்பேட்டையும் எடுத்துப்போங்கள். அது பல அமர்வுகளின் நேரத்தையும் கட்டணத்தையும் மிச்சப்படுத்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே குறிப்பேட்டை மறுபடி இரண்டு வாரம் எழுதி, பழைய பக்கங்களோடு ஒப்பிடுங்கள். முன்னேறியிருந்தால் உணர்ச்சி பொங்குவது நின்றிருக்காது. முன்பு இரண்டு நாள் நீடித்தது அரை நாளில் அடங்கியிருக்கும், வயது என்ற இடத்தில் ஏழுக்குப் பதில் சில தடவை உங்கள் சொந்த வயதே எழுதியிருப்பீர்கள்.